பரணில் உள்ள பாத்திரமும் பெட்டியில் உள்ள நகையும்

ஜகாத் கணக்குப் பார்க்கும்போது வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் விலை போட வேண்டுமா என்று பலர் மலைக்கிறார்கள். குடியிருக்கும் வீடு, உடுக்கும் துணி, புழங்கும் பாத்திரம், ஏறிச் செல்லும் வாகனம் ஆகியவற்றுக்கு ஜகாத் இல்லை. முஸ்லிமின் குதிரைக்கு ஜகாத் இல்லையென நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தொழில் கருவிக்கும் இதே சட்டந்தான்.

கைத்தறிச் சேலைக்குப் பேர்போன சுந்தரபாண்டியத்தையே எடுத்துக்கொள்வோம். தறி, அச்சு, நாடா இவற்றுக்கு விலை போட வேண்டியதில்லை. சங்கத்து நூலைக் கூலிக்கு நெய்பவருக்கு அந்நூல் சொந்தமன்று, அதையும் விட்டுவிடலாம். சொந்தப் பணத்தில் நூல் வாங்கி நெய்து விற்பவரோ, ஆண்டு நிறையும் நாளில் இருக்கும் நூல், தறியில் பாதி நெய்த பாவு, மடித்து வைத்த சேலை எல்லாவற்றையும் எண்ண வேண்டும். வாங்கிய விலை இங்கே உதவாது. அன்றைய விலையே கணக்கு. மொத்தமாக விற்பவர் மொத்த விலையையும், ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ கடை வைத்திருப்பவர் தம் சில்லறை விலையையும் போடுவதே நமக்குச் சரியாகப் படுகிறது. சாயம் மங்கித் தேங்கிய சேலைக்கு, அது உண்மையில் என்ன விலைக்குப் போகுமோ அதுதான். ஹனஃபீ மத்ஹபில், திருப்பித் தர வேண்டிய முன்பணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

நகையைக் கண்ணால் மதிப்பிடுவது கூடாது; எடை போட வேண்டும். கல், அரக்கு ஆகியவற்றின் எடையைக் கழிக்க வேண்டும். தங்கத்தின் நிஸாபு 20 மிஸ்கால். நம் நாட்டு உலமாக்கள் பெரும்பாலோர் கணக்கில் 87.48 கிராம், அதாவது 11 பவுனுக்குச் சற்றுக் குறைவு. பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை. ஹனஃபீ மத்ஹபில் உண்டு.

இனிப் பரணுக்கு வருவோம். பலரும் கவனியாமல் விடும் இடம் இது. ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத பித்தளை அண்டாக்களும் தேக்சாக்களும் விற்பனைச் சரக்கல்ல. ஆகவே ஜகாத் இல்லை. ஆனால் ஹனஃபீ சட்டப்படி, அவை அவசியத் தேவைக்கு மிஞ்சியவை. கடன் போக அவற்றின் மதிப்பு 612.36 கிராம் வெள்ளியின் விலையை எட்டினால், அவ்வீட்டுக்காரர் ஃபித்ரா கொடுக்க வேண்டும், குர்பானியும் கொடுக்க வேண்டும்; பிறர் தரும் ஜகாத்தை வாங்குவதும் அவருக்குக் கூடாது. இதற்கு ஓராண்டு கழிய வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. கையில் காசில்லை என்பதற்காக ஜகாத் வாங்க வரிசையில் நிற்பவர் முதலில் ஏணி வைத்துப் பரணைப் பார்க்கட்டும். பழைய பாத்திரக்காரர் என்ன விலை தருவார் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

“அது மகளின் சீருக்கு வைத்தது” என்பார்கள். மகள் பருவமடையாதவளாயின், ‘இது உனக்கு’ என்று தகப்பனார் தெளிவாகக் கொடுத்துவிட்டாலே அவளுக்குச் சொந்தமாகிவிடும். வயது வந்த மகளாயின் அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சாவி தகப்பனார் இடுப்பில் இருக்கும்வரை நகையும் பாத்திரமும் அவர் கணக்கிலேயே நிற்கும்.