மானியத்திற்கும் பட்டம் உண்டு

பள்ளிபாளையம் வட்டாரத்துக் குடியானவர்கள் விவசாய ஆபீசுக்கு வந்ததும் கேட்கும் முதற்கேள்வி, "இவ்வருஷம் சர்க்கார் என்ன கொடுக்கிறது?" என்பதே. கேள்வி இயல்பானதுதான். ஆயினும் தம் நிலத்தின் குறை யாது என்பதை முன்னமே நிச்சயித்துக் கொள்ளாதவருக்கு அதன் விடையால் பயன் சொற்பமே.

சர்க்காரின் பணம் எக்காலத்தும் ஒரே நோக்கத்திற்குச் செலவாவதில்லை. 1883, 1884-ம் வருஷங்களின் சட்டங்களின்படி கிணறு வெட்டவும், மாடும் விதையும் வாங்கவும் தக்காவிக் கடன் கிடைத்தது. 1940-களில் உணவுத் தட்டுப்பாட்டையொட்டி அதிக உணவு உற்பத்தி இயக்கம் தோன்றியது. 1966 முதல் வீரிய ரகங்களும் ரசாயன உரமும் முதன்மை பெற்றன. 2006-ல் சொட்டு நீர்ப்பாசனத்திற்கென மத்திய சர்க்கார் தனித் திட்டம் வகுத்தது. அது 2015-ல் பிரதம மந்திரி கிருஷி சிஞ்சாயி யோஜனாவில் சேர்ந்து, 2022-23 முதல் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ் நடைபெற்று வருகிறது. பெயர் பலமுறை மாறியபோதிலும், தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் நோக்கம் மாறவில்லை. ஆகையால் திட்டத்தின் பெயரை நினைவில் வைப்பதைவிட நோக்கத்தை அறிந்து வைப்பதே மேல்.

மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் ஆயக்கட்டில் நான்கு ஏக்கர் கரும்பு பயிரிடும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். நல்ல வருஷங்களில் வாய்க்கால் நீர் ஆகஸ்டு முதல் டிசம்பர் நடு வரையில் வரும். கரும்போ பத்து, பன்னிரண்டு மாதம் நிற்பது. கோடையில் கிணறு வற்றுகிறது. அவர் ஆழ்குழாய்க் கிணறு வேண்டுமென்கிறார். கிணறு ஒன்றையே கேட்டு மனுச் செய்தால் அது சர்க்காரின் இக்கால நோக்கத்தோடு பொருந்தாது. சொட்டு நீர் அமைப்பதாக மனுச் செய்வாராயின், ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு விவசாயியானதால் நிர்ணயித்த விலையில் முழுத்தொகையும் மானியமாகும். பெரிய விவசாயிகளுக்கு நூற்றுக்கு 75. சொட்டு நீர் அமைப்போருக்கென்றே உள்ள துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் மோட்டாருக்கு 15,000 ரூபாயும், நீர் கொண்டுசெல்லும் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாயும், தரைமட்டத் தொட்டிக்கு 75,000 ரூபாய் வரையிலும் வகுக்கப்பட்டுள்ளன. நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டமாயின் குழாய்க் கிணற்றுக்கும் 25,000 ரூபாய் உண்டு. இத்தொகைகளை வருஷந்தோறும் விசாரித்தறிக. அவருடைய தேவை மாறவில்லை. மனுவின் தலைப்பே மாறியது.

இதற்கு எதிரான வழியும் காணப்படுகிறது. மானியம் வருகிறதென்று குழாய்களை வாங்கி, ஒரு போகத்திற்குப் பின் வரப்போரம் சுருட்டிப் போடுவோர் உளர். வடிகட்டியை வாரந்தோறும் கழுவ மனமில்லாதவர் சொட்டு நீர் கேளாதிருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் சூரிய சக்தி பம்புக்கு நம் மாநிலத்தில் பொதுவாக நூற்றுக்கு 60 மானியம் அளிக்கப்படுகிறது. இலவச மின்சார இணைப்பை ஏற்கெனவே உடையவருக்கு மீதி நாற்பது பங்கைச் செலவிட அவசரமில்லை. இணைப்புக்காகக் காத்திருந்து டீசல் எஞ்சினுக்குப் பணம் செலவிடுபவரோ உடனே விசாரிப்பது நலம்.

மனுக்கள் பெரும்பாலும் தடைப்படுவது பத்திரங்களாலேயே. பாட்டனார் காலமாகிப் பல வருஷங்களாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். நான்கு சகோதரர்கள் கூட்டுப் பட்டாவில் தனித்தனியே உழுதுகொண்டிருப்பர். பணம் ஒதுக்கப்பட்ட பின் பாகப்பிரிவினைக்கு ஓடினால், அதற்குள் வருஷமே முடிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுதும் சமயத்திலேயே இத்தகைய குடும்பங்களுக்கு எடுத்துரைத்துப் பட்டா மாறுதல் செய்விப்பார்களாயின், அது பேருபகாரமாகும். சிட்டா, அடங்கல், புலப்படம், தாசில்தாரின் சிறு குறு விவசாயிச் சான்று, மண், நீர்ப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆடிப்பட்டம் தவறினால் விதை வீணாவதுபோல், மானியத்திற்கும் பருவம் உண்டு. 2021-ம் வருஷம் ஆகஸ்டு 14 முதல் நம் மாநிலத்தில் விவசாயத்திற்குத் தனி வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டு வருகிறது. அது வெளிவந்ததும் எந்த இனத்திற்கு ஒதுக்கீடு கூடியது, எது குறைந்தது என்று கிராமத்தில் ஒருவராவது படித்துச் சொல்லலாம். பின்னர் ஏப்ரல், மே மாதங்களிலேயே மனுவைப் பதிவு செய்க. உத்தரவு கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கலாகாது.

முன்னரே சொட்டு நீர் மானியம் பெற்றவர்கள் ஏழு வருஷம் கழிந்தபின் அதே நிலத்திற்கு மீண்டும் மனுச் செய்ய இடமுண்டு. பழைய உத்தரவின் நகலையும், வேலை முடிந்த தேதியையும் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் வட்டார ஆபீசில் காட்டித் தங்கள் தவணையைத் தெரிந்து கொள்ளலாம்.