எதிர்வுகூறற் சந்தையும் ஓர் ஆட்டத்தின் விலையும்

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் யாழ்ப்பாணத்தவர் தொகை பெரிது. அங்கே மாரிகாலப் பேச்சில் முதலிடம் பெறுவது பனித்தரை ஹொக்கி. அவ்வாட்டங்களை நடத்தும் தேசிய ஹொக்கி லீக், 2025 ஒக்தோபரிற் கால்ஷி, பொலிமார்க்கெற் என்னும் இரு எதிர்வுகூறற் சந்தைகளோடு உடன்படிக்கை செய்தது. அத்தகைய சந்தையின் விலை எதனை உணர்த்துகின்றது என்பதை ஓர் ஆட்டத்தை வைத்தே நோக்குவாம்.

ரொறன்ரோவும் மொன்றியலும் பொருதுகின்றன எனக் கொள்க. 'ரொறன்ரோ வெல்லும்' என்னும் சீட்டே ஈண்டு விலைப்பொருள். வென்றால் அது ஒரு டொலர் பெறும். தோற்றால் ஒன்றும் பெறாது. ஒருவர் 58 சதங் கொடுத்து அதனை வாங்க, எதிர்ப்பக்கத்தை மற்றொருவர் 42 சதத்துக்கு ஏற்கின்றார். இரண்டுஞ் சேர்ந்த நூறு சதமும் ஆட்டம் முடியும்வரை பிணையாயிருந்து, பின் வென்றவர் கையைச் சேரும். பந்தயக்காரர் ஒருவர் விலை குறிக்கும் முறையன்று இது. சுன்னாகச் சந்தையில் வாழைக்குலைக்கு விலை படியுமாறுபோல, வாங்குவோரும் விற்போருமே விலையை ஆக்குகின்றனர். சந்தை நடத்துவோர் கட்டணம் மாத்திரம் பெறுவர். இவ்வாட்டத்திற் சமநிலை முடிவு இல்லையாதலின், 58 சதம் என்பதை நூற்றுக்கு 58 நிகழ்தகவு எனப் படிக்கலாம்.

முதன்மையான கோல் காப்பாளர் இன்று ஆடார் என்னுஞ் செய்தி வந்தவுடன் விலை இறங்கும். ஈற்று நிமிடங்களிற் பின்தங்கிய அணி, காப்பாளரை வெளியேற்றித் தாக்குவோர் ஒருவரைக் கூட்டும்போது விலை துள்ளும். இரு அணியுஞ் சேர்ந்து ஏறக்குறைய ஆறு கோல்களே பெறும் ஆட்டமாதலின், மட்டையிற் பட்டுத் திசைமாறிய ஓர் இறப்பர்த் தட்டு வல்லாரையும் வீழ்த்திவிடும்.

பலர் கணிப்பு ஒன்றுசேரின் உண்மையை அணுகும் என்பதற்கு, 1907இற் பிரான்சிசு கால்ற்றன் வெளியிட்ட கணக்கைக் காட்டுவர். இங்கிலாந்தின் பிளிமத் நகர்க் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி நிறையை 787 பேர் ஊகித்தனர். அவற்றின் இடையம் 1207 இறாத்தல். உண்மை நிறை 1198. ஆயின் எருதை நிறுக்கத் தராசு உண்டு. ஆட்டத்தின் வாய்ப்பை நிறுக்க யாது உண்டு? 58 சத அணி தோற்றால் சந்தை பொய்த்தது என்பர் சிலர். வென்றால் மெய்த்தது என்பர். இரண்டும் பொருந்தா. அவ்விலை பெற்ற ஆட்டங்கள் பலவற்றைத் திரட்டி, நூற்றில் ஏறக்குறைய 58 வென்றனவா எனக் காண்பதே சோதனை. குதிரைப்பந்தயப் பதிவுகளை இவ்வாறு ஆராய்ந்தோர் 1949 முதலே ஒன்று கண்டனர்: வெல்லும் வாய்ப்பு அருகிய குதிரைக்கு மக்கள் தகுதிக்கு மேற்பட்ட விலை கொடுக்கின்றனர். ஆசையும் விலையிற் கலந்துவிடுகின்றது.

வேறொரு கலப்பும் உண்டு. வீரர் ஒருவரின் மறைவான காயத்தை அறிந்தவர் முந்தி வாங்கினால் விலை செம்மையாகும். எதிர்ப்பக்கம் ஏற்ற ஏதிலாரோ பணத்தை இழப்பர். இதனைச் சந்தையின் சிறப்பென்று போற்றும் பொருளியலார் கூற்று எனக்கு உடன்பாடன்று.

'சூது' என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இதனை எப்பெயரால் அழைப்பார் என ஐயுற வேண்டியதில்லை. அமெரிக்காவிற் சில மாநிலங்களும் சூதென்றே வழக்காடின. ஒன்ராறியோ உள்ளிட்ட கனடிய மாகாணங்கள் பல, முப்பது நாளிற் குறைந்த தவணையுடைய இத்தகைய இருமுடிவு ஒப்பந்தங்களைத் தனியாட்களுக்கு விற்பதை 2017இல் தடுத்தன. அதே நாடு, தனியோர் ஆட்டத்தின்மீது பந்தயங் கட்டுவதை 2021இல் அனுமதித்தது!