உடன்பாடு என்னும் சொல்

பஞ்சாயத்து நடவடிக்கைகளில் அடிக்கடி வழங்கும் சொற்களுள் ஒன்று ‘உடன்பாடு’ என்பது. ஏரி நீரைப் பங்கிடுவதாயினும், பாதைக்கு நிலம் விடுவதாயினும், குத்தகை பேசுவதாயினும் இச்சொல் இடம்பெறாமல் இராது. வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திற்கு வரும் பாதைத் தகராறு, வாய்க்கால் தகராறு ஆகியவற்றை ஆராய்ந்தால், “அன்று ஒப்புக்கொண்டார், இன்று மறுக்கிறார்” என்ற முறையீடு பலவற்றில் உண்டு. உண்மையில் அன்று உடன்பாடு ஏற்பட்டதா என்பதே முதலில் எழுப்பத்தக்க வினாவாகும்.

சொல்லும் பொருளும்

‘உடன்’ என்பது கூட, ஒருங்கே எனப் பொருள்படும். ‘படு’ என்னும் வினை முதனிலை நீண்டு ‘பாடு’ ஆயிற்று. எனவே, இருவர் மனமும் ஒரு பொருளில் ஒருங்கே சென்று பொருந்துவதே உடன்பாடு. ஒருவர் சொல்ல மற்றவர் தலையசைப்பது அதன்பாற்படாது.

பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதங்களைக் கூறுமிடத்து, உடன்படலை முதலாவதாகவும் மறுத்தலை இரண்டாவதாகவும் வைத்தார். இவ்வரிசை நமக்கும் ஒரு பாடம் தருகிறது. மறுக்க இயலாதவன் உடன்பட்டான் என்று சொல்வதில் பொருளில்லை.

இனமான சொற்கள்

‘இசைவு’ ஒருவர் தருவது. ‘உடன்பாடு’ இரு தரத்தாருக்கும் பொதுவானது. அதனை எழுத்தில் வடித்தால் ‘உடன்படிக்கை’. ‘கையெழுத்து’ என்பது எழுத்தை மட்டுமே குறிக்கும். ‘கையொப்பம்’ என்பதிலோ ஒப்புதலும் அடங்கியுள்ளது. படித்துப் பாராமல் இடுவது கையெழுத்தேயன்றிக் கையொப்பமன்று எனலாம். ‘ராஜிநாமா’ என்ற சொல்லும் முன்னாளில் வழக்காடியோர் எழுதிக்கொண்ட சமாதானப் பத்திரத்தைக் குறித்தது. இன்று அது பதவி விலகலைக் குறிக்கிறது. பழைய தஸ்தாவேஜுகளைப் படிப்போர் இதனை நினைவிற் கொள்க.

சட்டம் கூறுவது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13ஆம் பிரிவில், ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதையே சம்மதம் என்கிறது. கட்டாயம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு, பிழையான எண்ணம் ஆகிய ஐந்தினால் பெறப்பட்ட சம்மதம் சுதந்தரமான சம்மதமன்று என்பது 14ஆம் பிரிவு.

‘ஒரே கருத்தில்’ என்பதனை வேர்க்கடலைச் சாகுபடியில் வைத்துப் பார்ப்போம். நிலமுடையவரும் பயிரிடுபவரும் ‘சரிபாதி’ என்று பேசி முடிக்கின்றனர். களத்தில் குவியும் மொத்தத்தில் பாதி என்று ஒருவர் எண்ணுகிறார்; விதை, உரம், ஆள்கூலி போக எஞ்சியதில் பாதி என்று மற்றவர் எண்ணுகிறார். இருவர் வாயிலும் சொல் ஒன்றே, பொருள் வேறு. அறுவடையில் வெளிப்படும் பிணக்கு விதைப்பிற்கு முன்பே விதைக்கப்பட்டுவிட்டது.

பாதைக்கு வாய்மொழியாக நிலம் விடுவதும் இத்தகையதே. தந்தை மனமுவந்து விட்ட வழியை மகன் வேலியிட்டு அடைக்கக்கூடும். நிலத்தைத் தானமாகக் கொடுத்தால் தானப்பத்திரம் முறைப்படி பதிவு செய்யப்பட வேண்டும். இன்றேல் தானம் செல்லாது.

கிராம சபையில்

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 நாட்களில் கிராம சபை கூட்டப்பெறுகிறது. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதுமுன் தலைவர் சிந்திக்க வேண்டும். கடைமடை விவசாயி பேசாதிருந்தமையால் அவர் நீர்முறைக்கு உடன்பட்டார் எனக் கொள்ளலாகாது. தலைமடையாரின் நிலத்தில் கூலி வேலை செய்பவராகவும் அவர் இருக்கலாம். அவருடைய மௌனத்தின் காரணம் அதுவாகவும் இருக்கலாம். பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்ததையும் அவர்கள் சம்மதமாகக் கொள்ளலாகாது. எதிர்ப்பு இருந்தால் பெரும்பான்மைத் தீர்மானம் என்றே எழுதி, எதிர்ப்பையும் குறிப்பதே நேர்மை.

உத்திரமேரூர்ச் சபையார் 919ஆம் ஆண்டில் வாரியத் தேர்தலுக்கு விதி வகுத்துக் கல்லில் பொறித்தனர். 921இல் சபையாகவே கூடி அதனைத் திருத்தி மீண்டும் பொறித்தனர். உடன்பாடு யாவரும் காணுமாறு எழுதத்தக்கது, குறை கண்டவிடத்துக் கூடித் திருத்தத்தக்கது என்பதற்கு இது சான்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுக. எழுத்தறியாதார் அதனைத் தம் சொற்களில் திருப்பிக் கூறட்டும்.

2. யார், எதை, எவ்வளவு, எந்நாள் முதல் எந்நாள் வரை, தவறினால் என்ன என்பவற்றை ஐயமின்றி எழுதுக.

3. மறுப்பவருக்குப் பேச நேரம் தருக. அவர் மறுப்பைப் பகையாகக் கருதற்க.

4. இரு தரத்தாருக்கும் ஒவ்வொரு பிரதி தருக.

இவற்றிற்குச் செலவாவது அரைமணி நேரம். இவற்றைக் கைவிட்டால் வரும் வழக்கு பல்லாண்டு நீளும். அதற்குள் வாய்க்கால் தூர்ந்துவிடும். மறுப்பவரின் குரலையும் கேட்டு முடிவு செய்யும் கிராமத்தில், எடுத்த தீர்மானம் நிலைத்து நிற்கும். பணியும் தடையின்றி நடைபெறும்.