தீபாவளி டிக்கெட்டின் விலை செப்டம்பரிலேயே முடிவாகிவிடும்

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு மதுரைக்கோ நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ போக வேண்டியவர்கள் இப்போதே குறித்துவைக்க வேண்டியவை வேறு தேதிகள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. பயண நாள் இந்தக் கணக்கில் சேராது. அதன்படி நவம்பர் 5 வியாழக்கிழமை கிளம்புகிறவர்களுக்கு செப்டம்பர் 6 அன்று முன்பதிவு திறக்கும். வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு 7, சனிக்கிழமைக்கு 8. ஊரிலிருந்து திரும்ப, ஞாயிறு இரவு வண்டிக்கு 9, திங்களுக்கு 10, செவ்வாய்க்கு 11. எல்லா நாளும் காலை 8 மணி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆம்னி பஸ்ஸில் பண்டிகை நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். சாதாரண எக்ஸ்பிரஸ் ரயிலின் ஸ்லீப்பர் அப்படி ஏறுவதில்லை. ஆடி மாதத்து செவ்வாய்க்கிழமை என்ன விலையோ அதே விலைதான் தீபாவளிக்கு முந்தின இரவும். சென்னை எழும்பூர் - மதுரை ஸ்லீப்பர் இன்றும் நானூறு ரூபாய்க்குள் முடிகிறது. 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் ரயில் கட்டணம் உயர்ந்தது உண்மை. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஏசி இல்லாத வகுப்புகளுக்கு முதல் முறை கிலோமீட்டருக்கு 1 பைசாவும் இரண்டாம் முறை 2 பைசாவும்தான் கூடின. மதுரை போகிறவருக்கு இரண்டும் சேர்ந்து பதினைந்து ரூபாய்ச் சுமை. குடும்ப பட்ஜெட்டை உடைப்பது இந்த உயர்வு அல்ல. கன்ஃபர்ம் டிக்கெட் கிடைக்காமல் கடைசி நாளில் ஆம்னி பஸ்ஸுக்கோ, பிரீமியம் தட்கலுக்கோ, சிறப்புக் கட்டண ரயிலுக்கோ ஓடுவதுதான் உடைக்கிறது. ஆகவே மலிவான டிக்கெட் தேடுகிறவர் முதலில் நாளைப் பிடிக்க வேண்டும்.

முன்பதிவு திறக்கும் நாளில் ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் எடுக்க, ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு வேண்டும். 2025 அக்டோபரில் முதல் 15 நிமிடத்துக்கு மட்டும் என்று வந்த இந்த விதி, பிறகு படிப்படியாக நீண்டுவிட்டது. தட்கலுக்கும் 2025 ஜூலை முதல் இதே நிபந்தனை. ஆகவே இந்த வாரத்திலேயே கணக்கைத் திறந்து ஆதாரை இணைத்துவிட வேண்டும். ஓடிபி வரும் கைபேசி எண் பழைய எண்ணாக இருந்தால் மாற்றிவைக்க வேண்டும். பயணிகளின் பெயர், வயதைத் தளத்தில் உள்ள பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம். எட்டு மணி அடித்த பிறகு பெயர் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், நெல்லை, பாண்டியன், கன்னியாகுமரி போன்ற வண்டிகளில் அதற்குள் காத்திருப்புப் பட்டியல் ஓடத் தொடங்கியிருக்கும்.

இரவு வண்டியில் நடுவழியில் ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. 60 நாள் கணக்கு, வண்டி புறப்படும் ஊரில் அது கிளம்பும் தேதியை வைத்தே போடப்படுகிறது. கன்னியாகுமரியில் ஞாயிறு மாலை கிளம்பும் வண்டி திருச்சிக்கு நள்ளிரவு தாண்டி வந்தால், திருச்சிப் பயணிக்கு அது திங்கள்கிழமைப் பயணம். முன்பதிவு திறப்பதோ ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில், அதாவது ஒரு நாள் முன்னதாக. இது தெரியாதவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்க்கும்போது இடம் தீர்ந்திருக்கும்.

நடுவழிப் பயணிகளுக்கு இன்னொன்று. காத்திருப்புப் பட்டியல் எல்லாம் ஒன்றல்ல. வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுக்கும் டிக்கெட்டின் பொதுக் காத்திருப்பு வேகமாக நகரும். இடையிலுள்ள ஊர்களுக்கான கூட்டு ஒதுக்கீட்டுக் காத்திருப்பு அவ்வளவாக நகராது. தட்கல் காத்திருப்பு இன்னும் மோசம். எனவே முடிந்தவரை சொந்த ஊரிலிருந்தே புறப்படும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது: திருச்சிக்காரருக்கு மலைக்கோட்டை, மதுரைக்காரருக்கு பாண்டியன், திருநெல்வேலிக்காரருக்கு நெல்லை, தூத்துக்குடிக்காரருக்கு முத்துநகர். அதில் கிடைக்காவிட்டால், தூரத்திலிருந்து வரும் வண்டிக்கு அது கிளம்பும் ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். திருநெல்வேலி - சென்னை டிக்கெட் எடுத்து மதுரையில் ஏறினால் ஸ்லீப்பரில் கூடுதல் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆம்னி பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்த நூறு ரூபாயைக் கொடுக்கலாம். ஏறும் நிலையத்தை முறைப்படி மாற்றாமல் மதுரையில் போய் நின்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

பணத்தை மிச்சப்படுத்துவதில் பெரிய வேறுபாடு வகுப்பில்தான் வருகிறது. இரவு ஸ்லீப்பருக்குக் கிராக்கி இருக்கும் அளவுக்குப் பகல் வண்டியின் இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு இல்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டும். வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடுகிறது. பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் இரவு மதுரை, இரண்டாம் வகுப்பு இருக்கைக்குச் சுமார் இருநூறு ரூபாய். காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு பல்லவன், கோவைக்கு கோவை எக்ஸ்பிரஸும் இன்டர்சிட்டியும் இருக்கின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பம் மதுரை போக வைகையில் ஏறத்தாழ 800 ரூபாய். ஸ்லீப்பரில் அது ஆயிரத்து முந்நூறு, நானூறைத் தொடும். வந்தே பாரத் சேர் காரில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். வந்தே பாரத்தில்தான் போக வேண்டும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டாம் என்று குறிக்கலாம், அந்தத் தொகை குறையும்.

இரண்டாம் வகுப்பு இருக்கையில் பலரும் கவனிக்காத ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. தட்கலில் ஸ்லீப்பருக்குக் கூடுதலாக 100 முதல் 200 ரூபாய் வரை பிடிப்பார்கள், மூன்றடுக்கு ஏசிக்கு 300 முதல் 400. இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 10 முதல் 15 ரூபாய்தான்! விடுப்பு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத கடைத் தொழிலாளி, கட்டட வேலைக்காரர், தனியார் மருத்துவமனைச் செவிலியர் போன்றவர்களுக்கு இதுதான் சரியான வழி. பயணத்துக்கு முந்தின நாள் காலை 11 மணிக்கு, ஏசி அல்லாத தட்கல் திறக்கும்போது, பகல் வண்டியைப் பார்க்க வேண்டும். ஏசிக்குக் காலை 10 மணி. முதல் அரை மணி நேரம் முகவர்கள் தட்கல் எடுக்க முடியாது என்பதும் தனிப் பயணிக்குச் சாதகம். கன்ஃபர்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதை மறக்கக் கூடாது.

பிரீமியம் தட்கலைத் தொடவே வேண்டாம். இடம் குறையக் குறைய விலை ஏறும் முறை அது. ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளிலும் 2016 செப்டம்பர் முதல், பத்து சதவீத இடம் விற்கும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறுகிறது. அவற்றில் போகிறவர்கள் முதல் நாளிலேயே எடுத்தால்தான் கட்டுப்படியாகும். தெற்கு ரயில்வே அறிவிக்கும் பண்டிகைச் சிறப்பு ரயில்களிலும் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனாலும் ஆம்னி பஸ்ஸுக்கு அவை எவ்வளவோ தேவலை. அறிவிப்பு பயணத்துக்குச் சில வாரம் முன்புதான் வரும், முன்பதிவு மறுநாளே திறந்துவிடுவதும் உண்டு. அக்டோபர் முழுக்கச் செய்தித்தாளில் ஒரு கண் இருக்கட்டும்.

முன்பதிவே கிடைக்காதவர்களுக்கு தாம்பரம் - நாகர்கோவில் அந்த்யோதயா இருக்கிறது. முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள் கொண்ட வண்டி, திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகப் போகிறது. சாதாரண எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியை விடக் கட்டணம் கொஞ்சம் அதிகம். இருந்தும் ஒரு வண்டியின் ஓரத்தில் இரண்டு மூன்று பெட்டிக்குள் நெரிபடுவதற்கு இது எவ்வளவோ தேவலை. பண்டிகை நேரத்தில் பல மணி நேரம் முன்பே தாம்பரத்தில் வரிசை நிற்கும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் இதை நம்பிப் போகக் கூடாது. தனியாகப் போகும் இளைஞர்களுக்கே இது பொருந்தும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் எக்ஸ்பிரஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக இருந்தது, 2024 பிப்ரவரி இறுதியில் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டி 2024 மே மாதம் தொடங்கியபோது முழுத் தூரத்துக்கும் 50 ரூபாய்தான். விழுப்புரம், அரக்கோணம், காட்பாடி பக்கம் போகிறவர்கள் முதலில் பாசஞ்சர், மெமு நேரத்தைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். முன்பதிவில்லா டிக்கெட்டை ரயில்ஒன் செயலியில் ஆர்-வாலட் வழியாக எடுத்தால் 3 சதவீதம் மிச்சம். தொகை சிறியதுதான், ஆனால் கவுன்டர் வரிசையும் மிச்சமாகிறது.

சில்லறைச் செலவுகளையும் பார்த்துவிடலாம். ஐஆர்சிடிசியில் ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு சேவைக் கட்டணம் 15 ரூபாய், யுபிஐயில் கட்டினால் 10, இவற்றோடு ஜிஎஸ்டி. இது ஆளுக்கல்ல, டிக்கெட்டுக்கு. ஆறு பேர் வரை ஒரே டிக்கெட்டில் எடுக்கலாம் என்பதால் குடும்பத்தைப் பிரித்து எடுப்பது வீண். நிலையக் கவுன்டரில் இந்தக் கட்டணமே இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், பெற்றோரோடு படுத்துக்கொள்ளும் என்றால் பாதி. ஸ்லீப்பரில் போகும் குடும்பம் இந்தப் பாதியை விட்டுவிடக் கூடாது. காத்திருப்பு டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாமல் ரத்தானால் தலைக்கு 60 ரூபாய் கழித்துக்கொண்டுதான் பணம் வரும். சேவைக் கட்டணம் திரும்பாது. நான்கு வண்டியில் காத்திருப்பு போட்டுவைத்து அதிர்ஷ்டம் பார்ப்பவர்கள் இந்தக் கழிவைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இன்னும் திரும்பவில்லை. ஓய்வூதியம் இல்லாத கிழவர் ஒருவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும்போது அந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்பதை ரயில்வே மறந்திருக்கக் கூடாது. அது திரும்ப வந்தே ஆக வேண்டும். மீதமிருக்கும் சலுகைகளையாவது உரியவர்கள் கேட்டு வாங்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் சொந்த ஊர் போக இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதி, பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மாற்றுத்திறனாளிகளுக்கும் வேறு பல நோயாளிகளுக்கும் தனித்தனி விகிதம் இருக்கிறது. தட்கலில் இவை எதுவும் செல்லாது. மாணவர் சலுகைக்குக் கல்வி நிறுவனம் தரும் படிவம் வேண்டும், டிக்கெட் கவுன்டரில்தான் எடுக்க முடியும். படிவத்தில் முதல்வரின் கையெழுத்து வாங்க நாள் பிடிக்கும் என்பதால், செப்டம்பர் 7 காலை வரிசையில் நிற்க நினைக்கும் மாணவர்கள் இந்த வாரமே கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

எடுத்த டிக்கெட்டில் ஒருவருக்கு வர முடியாமல் போனால், அதைத் தெரிந்தவருக்கு விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் தாய், தந்தை, உடன்பிறந்தவர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு, வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு கவுன்டரில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உறவைக் காட்டும் ஆவணத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பொங்கலுக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு இடைவெளி அதிகமில்லை. ஜனவரி 13, புதன்கிழமைப் பயணத்துக்கு நவம்பர் 14 அன்று முன்பதிவு திறக்கும். தீபாவளி முடிந்து சரியாக ஆறு நாள்.