ஸ்பெசிபிகேஷனை யார் எழுதணும்?

சாப்ட்வேர் புராஜெக்ட் என்றதும் நாம் நேரே கீபோர்டில்தான் கை வைக்கிறோம். ஸ்பெசிபிகேஷனா? "கேட்கிறவங்க எழுதித் தரட்டும்" என்கிறோம். கேட்கிறவரோ, "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதே, நீங்களே எழுதிக்குங்க" என்பார்.

1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 விநாடியில், 3,700 மீட்டர் உயரத்தில் திசை மாறி வெடித்தது. அதன் திசையறி கருவிக்கான சாப்ட்வேர் ஏரியான் 4-இல் ஓடியதுதான். அதில் ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டாக மாற்றும் இடம் உண்டு. அங்கே 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய ராக்கெட்டுக்கு அது போதும். புதியதன் கிடைமட்ட வேகம் அதிகம். எண் அடங்கவில்லை, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே சாப்ட்வேர்தான், அதுவும் நின்றது! விசாரணைக் குழு கண்டதென்ன? புதிய ராக்கெட்டின் பாதை விவரம் ஸ்பெசிபிகேஷனிலேயே இல்லை. சேர்க்க வேண்டாமென்று சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்திருந்தார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: எழுதுவது புரோகிராம் எழுதுபவரே. "இந்த எண் எதுவரை போகும்?" என்ற கேள்வி அவருக்குத்தான் தோன்றும். பதில் மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது. உபயோகிப்பவர் சொல்லி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடணும். நூலகப் புரோகிராம் செய்யும் நண்பர்கள், ஒரு மாணவர் ஒரே சமயத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம், அக்சஷன் நம்பர் எத்தனை இலக்கம் என்பதை நூலகரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.