கழுத்தில் ஒரு காவல்

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது, புவியீர்ப்பினால் அரை லிட்டர் அளவிலான இரத்தம் கால்களையும் வயிற்றுப் பகுதியையும் நோக்கி இறங்குகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைய, அழுத்தமும் தாழ்கிறது. அந்நிலை நீடித்தால் மூளைக்கு இரத்தம் போதாமல் மயக்கம் நேரும். ஆயினும், பெரும்பாலோர் அதனை உணர்வதேயில்லை.

கழுத்தின் இருபுறமும், தலைக்குச் செல்லும் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், அழுத்தம் உணரும் நரம்பு முனைகள் உள்ளன. பெருந்தமனியின் வளைவிலும் அவை உண்டு. அவை உணர்வது தமனிச் சுவரின் விரிவை. விரிவு குறைந்தால், அவற்றிலிருந்து முகுளத்திற்குச் செல்லும் நரம்புத் துடிப்புகளும் குறைகின்றன. செய்தி குறைவதே செய்தியாவது இங்குள்ள விந்தை. உடனே முகுளம் இதயத்தை விரைவுபடுத்துகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சில நொடிகளில் அழுத்தம் மீள்கிறது. முதுமையில் இச்செயல் மந்தமாவதால், எழுந்தவுடன் சிலர் தள்ளாடுகின்றனர்.

இக்காவலுக்கு ஒரு குறையுண்டு. அழுத்தம் பல நாள்கள் உயர்ந்தே இருந்தால், இம்முனைகள் அவ்வுயர்வையே இயல்பெனக் கொண்டுவிடுகின்றன. நீண்டகாலச் சீரமைப்பில் பெரும்பங்கு, உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீரகங்களுடையது. அதுவும் பிறழும்போது, உயர் இரத்த அழுத்தம் நிலைபெறுகிறது. அதனை உடைய பலர் யாதொரு அறிகுறியுமின்றி நடமாடுகின்றனர். கையில் பட்டை கட்டி அளந்தால்தான் அது வெளிப்படும்.