ஈ வளருமோ?

சிறிய ஈயொன்றைக் கண்டால், 'இஃது ஈக்குஞ்சு. வளர்ந்து பெரிதாகும்' என்பார் பலர். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது பிழை. சிற்றீ வேறினத்ததாகவேனும், புழுப்பருவத்தில் இரை குறைந்ததாகவேனும் இருத்தல் வேண்டும். சிறகு விரித்து உடல் இறுகிய ஈ பின்னர்ப் பெரிதாவதில்லை.

அழுகிய ஊனில் மொய்க்கும் நீல ஈயை எடுத்துக்கொள்வோம். மண்ணுட் கிடக்கும் கூட்டினின்று வெளிப்படுங்கால் அதன் உடல் வெளிறி மெத்தென்றிருக்கும். சிறகுகள் சுருங்கி மடிந்திருக்கும். மண்ணைத் துளைத்து மேலேறும் வரையில் இந்நிலை மாறாது. மாறின், இடுக்கில் நுழைதல் யாங்ஙனம்? வெளியை அடைந்த பின்னரே காற்றை விழுங்கி உடலை விரித்து, குருதியின் அழுத்தத்தாற் சிறகை நீட்டுகின்றது. தோலும் கறுத்து இறுகுகின்றது.

இதனை ஏவுவது யாது? 1962-ஆம் ஆண்டில் ஃபிரேங்கல், சியாவ் என்னும் இருவரும், தனியே காட்ரெல் என்பவரும் இதனை ஆராய்ந்தனர். வெளிவந்தவுடன் கழுத்தை நூலால் இறுக்கிய ஈயின் உடல் வெளிறியே நின்றது. கறுக்கத் தொடங்கிய பிறிதோர் ஈயின் குருதியை அதனுட் செலுத்தவே, அதுவும் கறுத்தது! எனவே, ஏவுவது குருதியிற் கலந்ததொரு ஹார்மோன் என்பது பெறப்பட்டது. வியப்பு யாதெனில், அது குருதியிற் கலப்பது தலையினின்று அன்று. மார்பிலுள்ள நரம்புத் திரளினின்றே. தலை, நரம்பின் வழியே ஆணை மட்டும் விடுக்கின்றது. தோல் பதனிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதற்குப் பர்சிகான் எனப் பெயரிட்டனர். அஃது இரு புரதங்கள் இணைந்ததென்பது 2005-இல் தெளிவாயிற்று.

புறத்தோல் இறுகிய பின்னும், அதன் உட்புறத்தே புதிய படலங்கள் சில நாள் படிந்து தடிக்கின்றன. அதற்கும் பர்சிகான் வேண்டுமென்பதை ஊன் ஈ வகையொன்றில் 1969-இல் கண்டனர்.